மகளின் மாதவிடாயும் பிற்கால சுகர், பிபி, இதயமும்: மும்பைத் தமிழ்க் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தாராவியோ சயான் கோலிவாடாவோ, செம்பூரோ முலுண்டோ, தமிழ் வீடுகளில் பெண் வயதுக்கு வந்ததும் பெரியவர்கள் கேட்பது இரண்டே கேள்விதான். மாதாமாதம் ஒழுங்காக வருகிறதா? பின்னால் குழந்தை பிறப்பதில் சிக்கல் வராதே? டாக்டரிடம் போனாலும் பேச்சு அதைச் சுற்றியே ஓடுகிறது. அந்தப் பெண்ணுக்கு முப்பது, நாற்பது வயதில் சுகரும் பிபியும் எப்படி இருக்கும் என்று யாரும் கேட்பதில்லை. குழந்தைப்பேறு பற்றிய பயத்தில் பாதிக்கு மேல் தேவையற்றது, கேட்காமல் விடும் கேள்விக்குத்தான் பதில் அவசரமாக வேண்டியிருக்கிறது என்பது என் கட்சி. நான் டாக்டர் இல்லை. அம்மாக்களும் பெண்களும் கேட்டவற்றை, மருத்துவ வழிகாட்டிகள் சொல்வதோடு வைத்து இங்கே எழுதியிருக்கிறேன்.

பதின்மூன்று வயதுப் பெண்ணின் பீரியட்ஸுக்கும் சுகருக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இன்சுலின் வழியாக வருகிறது. சாப்பிட்டதும் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையைத் தசைக்கும் கொழுப்புத் திசுவுக்கும் கொண்டு சேர்ப்பது இன்சுலின். சிலரின் உடல் அதன் பேச்சைச் சரியாகக் கேட்காது. கூட்டத்தில் கூப்பிட்டும் திரும்பாதவரை இன்னும் உரக்கக் கூப்பிடுவதுபோல, கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கும். இப்படிச் சமாளித்துக்கொண்டே பல வருடம் ஓடும். அதுவரை சுகர் டெஸ்ட் நார்மல் என்றே வரும்.

ஆனால் கூடுதலாகச் சுரந்த அந்த இன்சுலின் சினைப்பைக்கும் போகிறது. அங்கே ஆண் ஹார்மோன் உற்பத்தியைத் தூண்டுகிறது. ஆண் ஹார்மோனைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஒரு புரதம் கல்லீரலில் உருவாகிறது, அதையும் குறைத்துவிடுகிறது. விளைவு, முட்டை முதிர்ந்து வெளியே வருவது தடைபட்டு மாதவிடாய் தள்ளிப்போகிறது. முகப்பருவும் மேலுதட்டிலும் தாடையிலும் முடியும் சேர்ந்துகொள்கின்றன. அதாவது, ரத்தப் பரிசோதனையில் சுகர் தெரிவதற்குப் பல வருடம் முன்பே காலண்டரில் தெரிந்துவிடக்கூடும்.

பருவ வயதில் எல்லாப் பிள்ளைகளுக்குமே இன்சுலின் கொஞ்சம் மந்தமாகத்தான் வேலை செய்யும், வளர்ச்சி முடிந்ததும் சரியாகும். குடும்பத்தில் சுகர் இருந்து, இடுப்பில் சதையும் போட்டு, ஓடியாடுவதும் நின்றுபோன பெண்ணுக்கு அது சரியாகாமலே தங்கிவிடலாம். 2023-இல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) இண்டியாப் (INDIAB) ஆய்வின்படி நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், இன்னும் 13 கோடிக்கு மேற்பட்டவர்கள் அதன் வாசலில். நம் வீடுகளில் அப்பா வழியிலோ அம்மா வழியிலோ ஒருவராவது அந்தக் கணக்கில் இருப்பார்.

வயதுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. பயப்பட வேண்டுமா?

வேண்டாம். முதல் வருடம் ஒழுங்கில்லாமல் வருவது இயல்பு. மூளையும் சினைப்பையும் ஒன்றுக்கொன்று பழகிக்கொள்ள நேரம் பிடிக்கும். அதற்குள் ஹார்மோன் மாத்திரை, ஸ்கேன் என்று ஓட வேண்டியதில்லை.

முதல் வருடம் முடிந்து மூன்றாம் வருடம் வரை 21 முதல் 45 நாள் இடைவெளி சரி. மூன்று வருடம் தாண்டிவிட்டால் 21 முதல் 35 நாள். வருடத்துக்கு எட்டு முறைக்குக் குறைவாக வந்தால் காட்ட வேண்டும். முதல் வருடத்துக்குப் பிறகு, ஒரே ஒரு முறை 90 நாளைத் தாண்டினாலும் காட்ட வேண்டும். 15 வயது முடிந்தும் வயதுக்கு வரவில்லை என்றாலும், மார்பு வளரத் தொடங்கி மூன்று வருடமாகியும் வரவில்லை என்றாலும் காத்திருக்காதீர்கள். மேலே சொன்னபடி ஆண் ஹார்மோன் கூடி மாதவிடாய் குழம்பும் கோளாறுக்குப் பிசிஓஎஸ் என்று பெயர், பிசிஓடி என்றும் சொல்வார்கள். இந்த எண்கள் அதைப் பற்றி 2023-இல் வந்த சர்வதேச வழிகாட்டியில் உள்ளவை.

எதிர்ப்பக்கத்துத் தப்பும் நடக்கிறது. "எனக்கும் அப்படித்தான் இருந்தது, கல்யாணத்துக்கு அப்புறம் சரியாகிவிட்டது" என்று சொல்லிப் பதினெட்டு வயது வரை விட்டுவிடுகிறார்கள். அப்படிச் சொல்லும் அம்மாவுக்கு இப்போது சுகர் மாத்திரை ஓடுகிறதா என்று கேட்டுப் பாருங்கள். பல வீடுகளில் பதில் ஆமாம் என்றுதான் வரும்.

நாள் கணக்கை எதிலிருந்து எதுவரை எண்ணுவது?

ரத்தப்போக்கு தொடங்கிய முதல் நாளிலிருந்து அடுத்த முறை தொடங்கும் நாளுக்கு முந்தைய நாள் வரை. நின்ற நாளிலிருந்து எண்ணுகிறவர்கள் நிறையப் பேர். அப்படி எண்ணினால் 28 நாள் சுழற்சி 23 ஆகிவிடும், தேவையில்லாமல் கலங்குவீர்கள்.

எழுதி வைக்க ஆப் வேண்டும் என்றில்லை. சமையலறைச் சுவரில் தொங்கும் காலநிர்ணய் காலண்டரில், பால் கணக்கு எழுதும் அதே கட்டத்தின் மூலையில் பென்சிலால் ஒரு புள்ளி போதும். தொடங்கிய நாளுக்குப் புள்ளி, நின்ற நாளுக்குக் கோடு. அண்ணன், மாமா எல்லோரும் பார்க்கும் இடத்தில் மகளுக்குக் கூச்சமாக இருந்தால் பள்ளி டைரியின் கடைசிப் பக்கம் அவளுடையது. முக்கியமாக, எழுதுவது அவளாக இருக்கட்டும். டாக்டர் "பாளி வேளேவர் யேதே கா?" (பீரியட்ஸ் நேரத்துக்கு வருகிறதா?) என்று மராத்தியில் கேட்கும்போது அவளே தேதியைச் சொல்வாள், அம்மா பக்கத்தில் விரல் மடக்கிக்கொண்டு யோசிக்க வேண்டியிருக்காது.

அமெரிக்காவின் மகப்பேறு மருத்துவர் அமைப்பு 2015-இல் வெளியிட்ட ஆலோசனையில், பதின்வயதுப் பெண்ணின் மாதவிடாயை நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் போல ஓர் உயிர்க்குறியாகக் கருதச் சொல்லியிருக்கிறது. புள்ளி வைக்கச் சொல்வது அதற்காகத்தான்.

ஸ்கேனில் "சினைப்பையில் நீர்க்கட்டி" என்று வந்திருக்கிறது. பிசிஓடி உறுதிதானே?

இல்லை. இந்த ஒரு தாளை வைத்துக்கொண்டு எத்தனை வீடுகளில் அழுகை நடந்திருக்கிறது என்று நினைத்தால் எரிச்சலாக வருகிறது.

ஸ்கேனில் கறுப்பு வட்டங்களாகத் தெரிபவை பெரும்பாலும் முதிராத சிறு முட்டைப்பைகள். பதின்வயதில் ஆரோக்கியமான பெண்களுக்கே அவை நிறைய இருக்கும். அதனால்தான் வயதுக்கு வந்து எட்டு வருடம் முடிகிறவரை, பிசிஓஎஸ் இருக்கிறதா என்று முடிவு செய்ய ஸ்கேனைப் பயன்படுத்தக் கூடாது என்று வழிகாட்டி சொல்கிறது. பன்னிரண்டில் வயதுக்கு வந்தவள் என்றால் இருபது வயது வரை. ஏஎம்ஹெச் என்ற ரத்தப் பரிசோதனைக்கும் இதே விதிதான். அதையும் பேக்கேஜில் சேர்த்துக் காசு வாங்குகிற லேப்கள் உண்டு.

பதின்வயதில் பிசிஓஎஸ் என்று சொல்ல இரண்டு விஷயம் சேர்ந்து இருக்க வேண்டும். மேலே சொன்ன கணக்குப்படி மாதவிடாய் ஒழுங்கில்லாமல் இருக்க வேண்டும், ஆண் ஹார்மோன் கூடியதற்கான அடையாளமும் இருக்க வேண்டும். அந்த அடையாளம் உடம்பில் தெரியும் முடி, கடுமையான முகப்பரு, அல்லது ரத்தத்தில் கூடியிருக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன். ஒன்று மட்டும் இருந்தால் "வர வாய்ப்பு உண்டு, தொடர்ந்து பார்ப்போம்" என்று எழுதிவைப்பதே முறை. தைராய்டு, புரோலாக்டின் ஆகிய இரண்டு ஹார்மோன்களையும் முதலில் பார்த்துவிட வேண்டும். தைராய்டு குறைவாக இருந்தும் மாதவிடாய் குழம்பும், அதற்கு வைத்தியம் வேறு.

முகத்தில் முடி சில மாதங்களில் வேகமாக வளர்ந்து குரலும் கட்டையானால் அது வேறு கதை. உடனே காட்டுங்கள்.

கழுத்தின் பின்பக்கம் கறுத்திருக்கிறது. எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை.

தேய்ப்பதை நிறுத்துங்கள், பாவம். பயத்தம்மாவு, எலுமிச்சைத் தோல், தயிரும் கடலைமாவும், கடைசியில் பாத்திரம் தேய்க்கும் நார் வரை போன கழுத்துகளைப் பார்த்திருக்கிறேன். தோல் சிவந்து எரிந்ததுதான் மிச்சம்.

அது அழுக்கு இல்லை. தொட்டால் வெல்வெட் மாதிரி கொஞ்சம் தடிப்பாக இருக்கும், மடிப்புக் கோடுகள் அழுத்தமாகத் தெரியும். அக்குளிலும் விரல் கணுக்களிலும் இருக்கலாம். ரத்தத்தில் இன்சுலின் அதிகமாக இருக்கும்போது தோல் செல்கள் வேகமாகப் பெருகுவதால் வருவது. காசு செலவில்லாமல் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடிய அடையாளம் இதைப்போல் வேறில்லை. கறுத்த கழுத்தும் நாற்பத்தைந்து நாளைத் தாண்டும் மாதவிடாயும் சேர்ந்து இருக்கிற பெண்ணுக்கு, க்ரீம் வாங்கும் காசில் சுகர் டெஸ்ட் எடுத்துவிடலாம். எடை குறைந்து இன்சுலின் இறங்கினால் கருமையும் மெல்ல மங்கும், மாதக்கணக்கில் ஆகும்.

என் மகள் ஒல்லி. அவளுக்கு இதெல்லாம் வராதுதானே?

வரலாம். பிசிஓஎஸ் உள்ள ஒல்லியான பெண்களிடமும் இன்சுலின் மந்தம் காணப்படுகிறது. நம் ஊர் உடம்பில் கை கால் மெலிந்திருந்தும் வயிற்றில் கொழுப்பு சேர்வது சகஜம், எடை மெஷின் அதைக் காட்டாது. ஒரு நூலை எடுத்து அவள் உயரத்துக்கு வெட்டி, பாதியாக மடித்து இடுப்பைச் சுற்றிப் பாருங்கள். எட்டவில்லை என்றால் கவனிக்க வேண்டும். எல்லோர் முன்னாலும் செய்ய வேண்டாம்.

டயட் இருந்து பத்து கிலோ குறைத்தாள். அதற்கப்புறம் நான்கு மாதமாக வரவில்லை. எடை குறைந்தால் நல்லதுதானே?

இது எதிர்த் திசையில் போன கதை. உடம்புக்கு வரும் சக்தி செலவுக்குப் போதவில்லை என்று மூளைக்குத் தெரிந்தால், முதலில் நிறுத்தப்படுவது மாதவிடாய். காலையில் ஓட்டம், மாலையில் நடனப் பயிற்சி, நடுவில் ஓர் ஆப்பிள் என்று இருக்கும் பெண்களிடம் இது வரும். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் சரிந்துவிடும். எலும்பு உறுதிப்படுவதில் பெரும்பங்கு பதின்வயதில்தான் நடக்கிறது, அப்போது இழப்பதைப் பின்னால் முழுவதும் ஈடுகட்டுவது கடினம். ரத்தக் குழாய்களின் நெகிழ்வுக்கும் ஈஸ்ட்ரோஜன் வேண்டும்.

மாத்திரை கொடுத்து ரத்தப்போக்கை வரவழைப்பது இதற்குத் தீர்வாகாது. சாப்பாட்டைக் கூட்ட வேண்டும், பயிற்சியைக் குறைக்க வேண்டும். சாப்பிடவே பயப்படுகிறாள், சாப்பிட்டதை வாந்தி எடுக்கிறாள் என்றால் மனநல மருத்துவரும் வேண்டும்.

பத்து வயதிலேயே வயதுக்கு வந்துவிட்டாள். இதனால் பின்னால் ஏதாவது வருமா?

சீக்கிரம் வயதுக்கு வந்தவர்களுக்குச் சர்க்கரை நோயும் இதய நோயும் சற்றுக் கூடுதலாக வருகின்றன என்று பல நாடுகளின் ஆய்வுகள் ஒரே மாதிரி சொல்கின்றன. பிரிட்டனில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்த ஆய்வு ஒன்று 2015-இல் வெளியானது. 13 வயதில் வயதுக்கு வந்தவர்களோடு ஒப்பிட்டால், 10 வயதிலோ அதற்கு முன்போ வந்தவர்களுக்கு இதயத் தமனி நோய் சுமார் 27 சதவீதம் கூடுதல். வேடிக்கை என்னவென்றால், 17 வயதிலோ அதற்குப் பிறகோ வந்தவர்களுக்கும் 23 சதவீதம் கூடுதல்.

சதவீதத்தைப் பார்த்து மிரள வேண்டாம். சிறிய ஆபத்து கால் பங்கு கூடினாலும் சிறியதாகவே இருக்கும். சிறு வயதில் எடை கூடியிருப்பதே சீக்கிரம் வயதுக்கு வருவதற்கு ஒரு காரணம், அந்த எடையே பின்னால் சுகருக்கும் காரணம். பத்து வயதில் வந்ததை மாற்ற முடியாது, எடையையும் நடமாட்டத்தையும் கவனிக்க முடியும். ஆனால் எட்டு வயதுக்கு முன்பே மார்பு வளர ஆரம்பித்தால் குழந்தைகளுக்கான ஹார்மோன் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

"மாதவிடாய் ஒழுங்கில்லாத பெண்களுக்கு ஆயுள் குறைவு" என்று வாட்ஸ்அப்பில் வந்ததே, உண்மையா?

அதற்குப் பின்னால் ஒரு நிஜமான ஆய்வு இருக்கிறது, வாட்ஸ்அப்பில் அதன் வாலைப் பிடித்துத் தொங்குகிறார்கள்.

அமெரிக்காவில் செவிலியர்களைப் பல பத்தாண்டுகளாகத் தொடரும் ஆய்வு அது. அதில் சுமார் 79,500 பெண்களிடம், பள்ளி வயதிலும் 18 முதல் 22 வயது வரையிலும் மாதவிடாய் எப்படி இருந்தது என்று கேட்டு, அதன்பின் 24 வருடம் பார்த்திருக்கிறார்கள். 2020-இல் முடிவு வெளியானது. 18–22 வயதில் எப்போதுமே ஒழுங்கில்லாமல் இருந்ததாகச் சொன்னவர்களில், 70 வயதுக்கு முன் இறந்தவர்கள், மிக ஒழுங்காக வந்தவர்களைவிட 37 சதவீதம் கூடுதல். இதய நோய் மரணங்களில் தொடர்பு அழுத்தமாகத் தெரிந்தது. இதே ஆய்வுத் தொகுப்பில் 2001-இல் வந்த இன்னொரு முடிவு, இளவயதில் 40 நாளுக்கு மேல் இடைவெளி இருந்தவர்களுக்கோ கணிக்கவே முடியாதபடி வந்தவர்களுக்கோ இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்றது.

இனி வாட்ஸ்அப் சொல்லாதது. இவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரப் பெண்கள். பள்ளிக் காலத்து நிலவரத்தைப் பின்னாளில் நினைவிலிருந்து சொன்னவர்கள். மொத்த மரணங்களே ஆயிரம் பேருக்கு வருடத்துக்கு ஒன்று சொச்சம்தான், அதில்தான் இந்தக் கூடுதல். மாதவிடாய் தள்ளிப்போனதே இதயத்தைக் கெடுத்தது என்று இதற்குப் பொருளில்லை. இரண்டையும் பின்னாலிருந்து இழுக்கும் ஒன்று, இன்சுலின் மந்தமாகவோ உடல் எடையாகவோ பரம்பரையாகவோ இருக்கலாம். பயப்படுவதற்கான காரணமாக நான் இதைப் பார்க்கவில்லை, பதினாறு வயதிலேயே பிபி பார்ப்பதற்கான காரணமாகப் பார்க்கிறேன்.

சரி, என்னென்ன டெஸ்ட் எடுக்க வேண்டும்?

ஒழுங்காக வருகிற, குடும்பத்தில் பெரிதாக எதுவும் இல்லாத பெண்ணுக்கு எதுவும் வேண்டாம். ஆஃபர் என்று சொல்லி எழுபது டெஸ்ட் எடுப்பதால் பயன் இல்லை.

பிசிஓஎஸ் என்றோ, வர வாய்ப்பு என்றோ டாக்டர் சொல்லியிருந்தால்: எடை, இடுப்பளவு, பிபி வருடத்துக்கு ஒருமுறையாவது. 13 வயதுக்கு மேல் 120/80-க்குக் கீழ் இருந்தால் நார்மல், மீண்டும் மீண்டும் 130/80 அல்லது அதற்கு மேல் வந்தால் உயர் ரத்த அழுத்தம். கொழுப்புப் பரிசோதனை கண்டுபிடித்த உடனே ஒருமுறை. சுகர் ஒன்று முதல் மூன்று வருடத்துக்கு ஒருமுறை, குடும்ப நிலவரத்தைப் பொறுத்து.

சுகரில் எந்த டெஸ்ட் என்பது முக்கியம். வெறும் வயிற்று சுகர் மட்டும் பார்த்தால் சிலரைத் தவறவிடலாம். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்ப்பதே சிறந்தது. 140-க்குக் கீழ் நார்மல், 140 முதல் 199 வரை எல்லைக்கோடு, 200 ஆனால் சர்க்கரை நோய். அந்தக் குளுக்கோஸ் தண்ணீர் குமட்டும், எலுமிச்சை பிழியலாமா என்று லேபில் கேளுங்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி வசதிதான், ஆனால் இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டக்கூடும். ரத்தசோகை மலிந்த நம் பெண்களிடம் இதை மறக்கக் கூடாது.

டாக்டர் கருத்தடை மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். கல்யாணமாகாத பெண்ணுக்கா?

பெயர்தான் சங்கடம். ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டோஜனும் சேர்ந்த அந்த மாத்திரை கருப்பையின் உள்படலம் தாறுமாறாகத் தடிப்பதைத் தடுக்கிறது, பருவையும் முடியையும் குறைக்கிறது. பின்னாளில் குழந்தை பிறப்பதைக் கெடுக்காது. ஆனால் அடிப்படைக் காரணத்தையும் அது மாற்றாது. மாத்திரை போடும்போது மாதாமாதம் வருவது மாத்திரையால் வருவது, "சரியாகிவிட்டது" என்று அதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வாங்குங்கள். குடும்பத்தில் யாருக்காவது காலில் ரத்தம் உறைந்ததா, மகளுக்குக் கண்ணில் மின்னல் வெட்டி அப்புறம் வரும் ஒற்றைத் தலைவலி உண்டா, பிபி எவ்வளவு. இவை இருந்தால் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை ஆபத்து. இன்சுலின் மந்தத்துக்கு மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரையைத் தருவார்கள். அதைப் போட்டால் சுகர் வந்துவிட்டது என்று பொருள் இல்லை. ஆரம்பத்தில் வயிற்றைப் புரட்டும், சாப்பாட்டோடு சேர்த்துக் குறைந்த அளவில் தொடங்கினால் அடங்கும்.

வீட்டில் கல்யாணம், கோயில் கொடை என்று மாத்திரை போட்டுத் தள்ளிப்போடுகிறோமே?

மருந்துக்கடையில் கேட்டதும் தருகிற அந்த மாத்திரை நோரெதிஸ்டிரோன். நாளைக்கு மூன்று வேளை போடும் அளவில் அதில் ஒரு பகுதி உடலில் ஈஸ்ட்ரோஜன் வகையாக மாறுகிறது, ரத்தம் உறையும் ஆபத்து கொஞ்சம் கூடும். ஆரோக்கியமான பெண் எப்போதோ ஒருமுறை டாக்டரைக் கேட்டுப் போட்டால் பெரிய விஷயமில்லை. மும்பையிலிருந்து திருநெல்வேலிக்கு ஒன்றரை நாள் ரயிலில் உட்கார்ந்தபடி போகும் பெண்ணுக்கு, அத்தை சொன்னார் என்று வாங்கிக் கொடுப்பது வேறு விஷயம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ உடனே ஆஸ்பத்திரி.

உளுந்தங்களி, நல்லெண்ணெய், கருப்பட்டி கொடுக்கலாமா?

கொடுக்கலாம். உளுந்தில் புரதம் இருக்கிறது, சுவையும் நன்றாக இருக்கும். நான் சண்டை போடுவது களியோடு இல்லை, களி கொடுத்து உட்கார வைப்பதோடு.

நேற்றுவரை சால் (chawl) குடியிருப்பின் வராந்தாவிலும் கீழே மைதானத்திலும் ஓடிப்பிடித்து விளையாடியவள், சடங்கு முடிந்ததும் வீட்டுக்குள் வந்துவிடுகிறாள். சைக்கிள் தம்பிக்குப் போகிறது. பள்ளி, அப்புறம் க்ளாஸ், அப்புறம் போன். மூன்று மாதம் நெய்யும் எண்ணெயுமாகச் சாப்பாடு, நடமாட்டம் பாதியாகிறது, அதுவும் இன்சுலின் இயல்பிலேயே மந்தமாகும் அதே வயதில். இதைவிட மோசமான நேரத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது. பதினேழு வயது வரை தினமும் சராசரி ஒரு மணி நேரம் மூச்சு வாங்க அசைய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. கயிறு தாண்டலாம், மாடி ஏறி இறங்கலாம், கபடி ஆடலாம். பீரியட்ஸ் நாளிலும் முடிந்தால் ஆடலாம், தடையொன்றும் இல்லை.

சாப்பாட்டில் எந்த டயட் உயர்ந்தது என்று யாரும் நிரூபிக்கவில்லை, வழிகாட்டியும் ஒன்றைத் தூக்கிப் பிடிக்கவில்லை. சோற்றைக் குறைத்துப் பருப்பு, சுண்டல், முட்டை, மீன், காய் கூட்டினால் போதும். வடாபாவ் வாரத்தில் ஒருநாள் இருந்துவிட்டுப் போகட்டும். முதலில் நிறுத்த வேண்டியது பாட்டில் குளிர்பானம், 300 மில்லியில் ஆறு ஏழு டீஸ்பூன் சர்க்கரை இருக்கிறது. எடை கூடியிருக்கிற பெண்ணுக்கு ஐந்து முதல் பத்து சதவீதம் குறைந்தாலே பலருக்கு மாதவிடாய் திரும்ப ஒழுங்காகிறது. 70 கிலோவில் மூன்றரை முதல் ஏழு கிலோ. "குண்டு" என்று கூப்பிட்டு அதைச் சாதிக்க முடியாது. பிசிஓஎஸ் உள்ள பெண்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் கூடுதல் என்பதால் அதையும் கேட்டறியச் சொல்கிறார்கள்.

ரத்தப்போக்கு அதிகம். பள்ளிக்கே போக முடியவில்லை.

ஏழு நாளைத் தாண்டினால், ஒன்றிரண்டு மணிக்கு ஒரு பேட் நனைந்தால், ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய கட்டியாக வந்தால் அது அதிகம்தான். முதல் பீரியட்ஸிலிருந்தே இப்படி என்றால் ரத்தம் உறைவதில் பிறவிக் குறை இருக்கலாம், அதற்குத் தனிப் பரிசோதனை உண்டு. அடிக்கடி மூக்கில் ரத்தம் வருமா, பல் பிடுங்கியபோது நிற்காமல் வந்ததா என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

ரத்தசோகையை நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் 15–19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனால் அந்தக் கணக்கில் வந்துவிடுவாள். மாடி ஏறினால் படபடப்பு, மூச்சிறைப்பு என்றால் இதயம் கூடுதலாக உழைக்கிறது. பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைத் தூக்கிப்போட வேண்டாம் என்று சொல்லுங்கள். அதைப் போட்ட கையோடு டீ குடித்தால் சத்து சரியாக உள்ளே ஏறாது.

வலி தாங்க முடியவில்லை என்கிறாள். நாங்களெல்லாம் தாங்கவில்லையா?

தாங்கியது பெருமை இல்லை. வலி மாத்திரையும் சுடுதண்ணீர்ப் பையும் இருந்தும் மாதாமாதம் பள்ளிக்கு லீவு போடும் அளவு வலித்தால், எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்படலம் போன்ற திசு வெளியே வளரும் நோய்) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

"48 நாளில் நீர்க்கட்டி கரையும்" என்று ஒரு சூரணம் விளம்பரத்தில் வருகிறது.

கரைப்பதற்கு அங்கே கட்டியே இல்லை என்று மேலே பார்த்தோம். வெந்தயம், கருஞ்சீரகம் சமையலில் தாராளமாக இருக்கட்டும். பெயர் தெரியாத பொடிக்கு என் ஓட்டு கிடையாது.

அக்கா, எனக்குப் பதினாறு வயது. மூன்று மாதமாக வரவில்லை. அம்மாவிடம் சொன்னால் வேறு மாதிரி சந்தேகப்படுவார்களோ என்று பயம்.

உன் பயம் புரிகிறது. 90 நாள் தாண்டியதற்குக் காரணங்கள் பல: தைராய்டு, எடை, பரீட்சைப் பதற்றம், பிசிஓஎஸ். உறவு இருந்திருந்தால் கர்ப்பமும் அதில் ஒன்று, அதை முதலில் பார்த்துவிட வேண்டும். உன்னை யாராவது கட்டாயப்படுத்தியிருந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கலாம், கட்டணம் கிடையாது. சித்தி, டீச்சர், ஏரியாவின் ஆஷா சுகாதாரப் பணியாளர் அக்கா, யாராவது ஒரு பெரியவரிடம் இந்த வாரமே சொல். இந்தப் பக்கத்தை அம்மாவின் போனுக்கு அனுப்பிவிட்டுப் பேச்சைத் தொடங்கினாலும் சரி.

அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை: இந்தக் கேள்வி எனக்கு வருகிறது என்றால், உங்களிடம் வரவில்லை என்று பொருள்.

எங்கே காட்டுவது?

முதலில் பக்கத்து மாநகராட்சி மருந்தகமோ 'ஆப்லா தவாகானா' என்ற அரசுச் சிறு கிளினிக்கோ போதும். எடை, பிபி, ஹீமோகுளோபின், சுகர் அங்கேயே தொடங்கலாம். மேல்சிகிச்சைக்கு சயான் மருத்துவமனையும் பரேலில் கேஇஎம் மருத்துவமனையும் இருக்கின்றன. மாதவிடாய் பிரச்சினைக்கு மகப்பேறு ஓபிடி, சுகரும் சேர்ந்திருந்தால் ஹார்மோன் பிரிவு. பரேலில் ஐசிஎம்ஆரின் இனப்பெருக்க ஆரோக்கிய ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கிறது, பிசிஓஎஸ் பற்றி நெடுநாளாக ஆராய்கிறவர்கள்.

கேஸ் பேப்பர் வரிசை காலையிலேயே நீளும், சீக்கிரம் போங்கள். சுகர் பார்க்க வேண்டியிருக்கலாம் என்பதால் அவளுக்குக் காலைச் சாப்பாடு டப்பாவில் இருக்கட்டும். கையில் கடைசி ஆறு மாதத் தேதிகள், போட்ட மாத்திரைகளின் அட்டை, வீட்டில் யாருக்குச் சுகர், யாருக்கு அறுபது வயதுக்கு முன் மாரடைப்பு, அம்மாவுக்குப் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது சுகரோ பிபியோ ஏறியதா என்று ஒரு தாளில். டாக்டர் "கல்யாணத்துக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று முடித்தால், "சுகரும் பிபியும் எப்போது பார்க்க வேண்டும்?" என்று கேட்டு, பதிலை அதே கேஸ் பேப்பரில் எழுதித் தரச் சொல்லுங்கள்.